தட்டு கொண்டு வா!



எங்க பெரியம்மா மகள் கல்யாணமாகி ஆஸ்திரேலியாவில் உள்ள மெல்போர்ன் நகருக்குப் போனாங்க. போன புதுசில் பக்கத்து வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டு, "பிரிங் எ பிளேட்" என்றார்களாம். தட்டு பத்தலை போல என்று நினைத்து அக்கா ரெண்டு எவர்சில்வர் தட்டைக் கழுவி எடுத்துப் போனாங்க. அங்கே எல்லாரும் தட்டு நிறையப் பலகாரத்தோடு நிற்கிறார்கள்! பகிர்ந்து சாப்பிட ஏதாவது செய்து கொண்டு வா என்பதுதான் அதற்கு அர்த்தம். அக்கா வீட்டுக்கு வந்து அழுதுட்டாங்களாம். அக்காவிடம் கேட்டு, அந்நாட்டுப் பழக்கங்கள் சிலவற்றை எழுதியுள்ளேன்.

1. "ஹவ் ஆர் யூ கோயிங்?" என்றால் எங்கே போறே என்று அர்த்தம் இல்லை. சௌக்கியமா என்று அர்த்தம். "நல்லா இருக்கேன், நீங்க?" என்றால் போதும்.

2. வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரியைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. எல்லாரும் சமம் என்ற எண்ணம்தான்.

3. பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்குப் பலரும் நன்றி சொல்வார்கள்.

4. சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. வரிசையில் இடையில் நுழையக் கூடாது.

5. பல கூட்டங்களின் தொடக்கத்தில் அந்த மண்ணின் பூர்வகுடி மக்களுக்கு மரியாதை செலுத்திப் பேசுவார்கள். அப்போது அமைதியாகக் கேட்க வேண்டும்.

அடுத்த விருந்துக்கு அக்கா எலுமிச்சை சாதம் கொண்டு போனாங்க. ஒரு பருக்கை மிஞ்சவில்லையாம்!

ஆகவே நண்பர்களே, புது இடத்தில் தெரியாததைக் கேட்பது வெட்கம் இல்லை. நம் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் தப்பு செய்தாலும் சிரிக்காமல் சொல்லிக் கொடுப்போம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி