கண்வலிக் கிழங்கும் அதன் ஔஷதச் சத்தும்

செங்காந்தள், கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்னும் பெயர்கள் யாவும் ஒரே கொடியைக் குறிப்பன. வேலியோரங்களில் தானே படர்ந்து வரும் இக்கொடி, திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகவே தோட்டப் பயிராகவும் சாகுபடி செய்யப்படுகிறது. விதையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கோல்சிசின் என்னும் சத்தே இதற்குக் காரணம். ஐரோப்பாவில் விளையும் கோல்சிக்கம் என்னும் பூண்டிலிருந்து 1820-ஆம் ஆண்டில் பெல்லத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் பிரித்தெடுத்ததும் இச்சத்தேயாகும்.

சத்து வேலை செய்யும் விதம்

தேகத்தில் அந்நிய வஸ்து புகுந்தால் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அவ்விடத்தில் திரண்டு அதனை எதிர்க்கும். இது தேகத்திற்குக் காவலாகும். ஆயினும் கௌட் என்னும் மூட்டு நோயில், மூட்டுகளில் படிந்த யூரிக் அமில உப்பின் படிகங்களை நோக்கி இவ்வணுக்கள் அளவு மீறித் திரளுகின்றன. வீக்கமும் பொறுக்கலாகாத வலியும் இதனாலேயே உண்டாகின்றன. வெள்ளணு நகர்வதற்கு அதனுள் நுண்ணிய குழல்கள் செவ்வனே அமைதல் வேண்டும். கோல்சிசின், அக்குழல்களை ஆக்கும் புரதத்தைப் பற்றிக்கொண்டு அவை அமையாதபடி தடுக்கிறது. யூரிக் அமிலம் இதனாற் குறைவதில்லை. எதிர்ப்பின் மிகையே தணிகிறது. 2023-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துத் துறை, 0.5 மில்லிகிராம் அளவில் இதனை இருதய நோயாளிகளுக்கும் அனுமதித்தது.

அபாயம்

அணுக்கள் பிரிந்து பெருகுவதற்கும் அக்குழல்களே வேண்டும். ஆகையால் அளவு மிஞ்சினால் குடலும் எலும்பு மஜ்ஜையும் கெட்டு மரணம் சம்பவிக்கலாம். மருந்தின் அளவிற்கும் நஞ்சின் அளவிற்கும் இடைவெளி மிகக் குறுகியது. இக்கிழங்கை வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டு இறந்தவர்களும் உண்டு. கொடியின் எல்லாப் பாகங்களும் விஷமுள்ளவை. எனவே கைவைத்தியமாக இதனை உட்கொள்ளுதல் கூடாது.

சாகுபடியாளர் கவனிக்க வேண்டியவை

ஆனி, ஆடி மாதங்களில் வடிகாலுள்ள நிலத்தில் கிழங்குகளை நட்டு, கொடி பற்றிப் படரப் பந்தல் அமைக்க வேண்டும். பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகி வளைந்திருப்பதால் தானே காய்ப்பது குறைவு. காலை வேளையில் கையால் மகரந்தம் சேர்த்தால் காய்கள் மிகும்.

விதைக் கிழங்கை உணவுக் கிழங்குகளோடு ஒரே அறையில் வைத்தலாகாது. கிழங்கையும் விதையையும் கையாள்வோர் கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும். குழந்தைகளை அண்டவிடலாகாது. தவறி உண்டவரிடத்தில் விஷக் குறிகள் சில மணி நேரங் கழித்தே தோன்றக்கூடும். ஆதலால் வாந்தி காணும்வரை காத்திராமல், உண்ட பொருளின் மீதியுடன் அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.