படிக்கிற பிள்ளைக்குக் கணினி, உழைக்கிற அப்பாவுக்கு உறக்கம்

தோட்டத்தில் இரவு எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்பது மணிக்கு மேல் சில்வண்டுச் சத்தத்தையும் எங்கோ ஒரு நாய் குரைப்பதையும் தவிர வேறொன்றும் கேட்காது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கு விழிப்பு வந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் நள்ளிரவு வரை ஒரு சிறிய விசிறி ‘ஙொய்’ என்று இரைந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்?

என் அக்கா வீட்டில் நடந்தது அதுதான். அக்காள் மகள் பட்டணத்தில் பாலிடெக்னிக் படிக்கிறாள். இயந்திர வரைபடங்களைக் கணினியில் வரைய வேண்டிய படிப்பு. புதுக் கணினி வாங்க வசதி இல்லை. அவளுடைய அண்ணன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, உதிரிப் பாகங்களாக வாங்கி, தன் கையாலேயே ஒரு கணினியைப் பூட்டிக் கொடுத்தான். பாராட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் படம் வரையத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் அந்தப் பெட்டி இரைய ஆரம்பித்துவிடும்.

அத்தான் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் பெரட்டுக்குப் போக முடியும். அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் அதைப் பார்த்த மகள், மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கே கணினியை நிறுத்திவிட்டாள்.

“அப்பாவுக்குத் தூக்கம் கெடுது மாமா. நான் காலேஜிலேயே செஞ்சிக்கிறேன்” என்றாள். ஆனால் காலேஜில் முடிக்க நேரம் ஏது? இரண்டு வரைபடங்கள் தாமதமாகி மதிப்பெண் குறைந்தது.

முப்பது ஆண்டுகளாக வயர்மேன் வேலை பார்ப்பவன் நான். எத்தனையோ விசிறிகளைக் கழற்றிப் பூட்டியவன். ‘ஒரு விசிறிச் சத்தத்தால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்பதா?’ என்று எனக்கு மனம் கேட்கவில்லை. மருமகனையும் கூட்டிக்கொண்டு அந்த வேலையில் இறங்கினேன். அதில் கற்றுக்கொண்டதை, இதே தொல்லை உள்ள குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கணினிக்குள் புரோசசர் என்று ஒரு பாகம் இருக்கிறது. கணக்கெல்லாம் போடுவது அதுதான். நமக்கு அது அந்நியமான பொருள் அல்ல. இன்டெல் நிறுவனம் 1972-இல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் திறந்தது பினாங்கில்தான். அதன் பின் வந்த மின்னியல் தொழிற்சாலைகளில் நம் குடும்பத்துப் பெண்கள் எத்தனையோ பேர் வேலை பார்த்துத் தம்பி தங்கைகளைக் கரையேற்றியிருக்கிறார்கள்.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியில் புரோசசரைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடே கிடையாது. 1993-இல் பெண்டியம் வந்தபோது அதன் தலைமேல் உலோகத் தகடும் விசிறியும் வைக்க வேண்டியதாயிற்று. இன்று வீட்டுக் கணினியில் போடும் சாதாரணப் புரோசசரே 65 வாட் என்று குறிக்கப்படுகிறது. தபால்தலை போன்ற சிறிய இடத்திலிருந்து அவ்வளவு சூடு கிளம்பினால் அதை யாராவது இறக்கி வைக்க வேண்டுமல்லவா? அந்த வேலையைச் செய்வதுதான் கூலர்.

சூடு அளவுக்கு மீறினால் புரோசசர் எரிந்துபோகாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் மருமகன் வாங்கியது ஏ.எம்.டி. ரைசன் 5 5600. அதற்கு 90 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. வரைபட வேலையின்போது அது 84 வரை போய்க்கொண்டிருந்தது. பெட்டியோடு இலவசமாக வந்த குட்டை விசிறி அதைச் சமாளிக்க நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் சுற்றியது. இரைச்சலுக்குக் காரணம் அதுதான்.

மோட்டார் சைக்கிளைப் பாருங்கள்

கூலர் எப்படி வேலை செய்கிறது என்று அறிய வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பார்த்தாலே போதும். இன்ஜினைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்கின்றன அல்லவா? காற்றுப் படும் பரப்பைக் கூட்டுவதற்காக வைத்தவை அவை. கொதிக்கிற தேநீரைச் சாசரில் ஊற்றினால் சீக்கிரம் ஆறுவதும் அதே காரணத்தால்தான். கூலரிலும் மெல்லிய அலுமினியத் தகடுகளை அடுக்கடுக்காகக் கோத்திருக்கிறார்கள்.

புரோசசரின் சூட்டை அந்தத் தகடுகளுக்குக் கொண்டு போவது செம்புக் குழாய்கள். அவற்றின் உள்ளே காற்றை நீக்கிவிட்டுச் சிறிதளவு நீரை வைத்து மூடியிருப்பார்கள். அடியில் சூடு பட்டதும் நீர் ஆவியாகி மேலே போகும். தகடுகளுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகிக் கீழே திரும்பும். இட்லிச் சட்டியின் மூடியில் ஆவி பட்டுத் துளியாக விழுவதைப் பார்க்கும் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் உருவாக்கிய முறை இது.

பெரிய விசிறியே அமைதியான விசிறி

கூரையில் தொங்கும் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலும் அறை முழுவதும் காற்று வருகிறது. சத்தமும் அதிகமில்லை. அதே காற்றைச் சிறிய மேசை விசிறி கொடுக்க வேண்டுமானால் அது உயிரைக் கொடுத்துச் சுற்ற வேண்டியிருக்கும். கணினி விசிறிக்கும் இதே நியாயம்தான்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். பத்து டெசிபெல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும். எனவே அகலமான விசிறியும் நிறையத் தகடுகளும் உள்ள கூலரை வாங்கி, அதை மெதுவாகச் சுற்றவிடுவதே அமைதிக்கு வழி. ‘நிமிடத்துக்கு 3,000 சுற்று’ என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தால் மயங்கிவிட வேண்டாம்.

கடைகளில் 92, 120, 140 மில்லிமீட்டர் என்று விசிறிகள் இருக்கும். 65 வாட் புரோசசருக்கு, நான்கு செம்புக் குழாயும் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றும் உள்ள கோபுர வடிவக் கூலர் தாராளமாகப் போதும். நீரைச் சுற்றவைத்துக் குளிர்விக்கும் வகையும் உண்டு. அதில் விசிறியோடு ஒரு பம்பும் ஓடும். அதற்கும் ஒரு முனகல் உண்டு, விலையும் கூடுதல். படிக்கிற பிள்ளையின் கணினிக்கு அது வேண்டாத செலவு.

நாங்கள் செய்த தவறு

நூறு வெள்ளிக்குள் முடிக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு நானும் மருமகனும் கடைக்குப் போனோம். 120 மில்லிமீட்டர் விசிறி வைத்த அழகான கூலர் ஒன்றை வாங்கி வந்தோம். ஒரு மணி நேரம் பாடுபட்டுப் பூட்டினோம். கடைசியில் பெட்டியின் பக்கக் கதவை மூடப் போனால் மூட முடியவில்லை! கூலரின் உயரம் 158 மில்லிமீட்டர். எங்கள் பெட்டி இடம் கொடுப்பதோ 140 மட்டும். கதவு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நின்றது.

“மாமா, அளந்து பார்க்காம வாங்கிட்டோமே” என்று மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டான். முப்பது வருட வயர்மேனுக்கும் அது தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நல்லவேளையாகக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். இம்முறை 92 மில்லிமீட்டர் விசிறியும் நான்கு குழாயும் கொண்ட, 13 சென்டிமீட்டருக்குள் அடங்கும் கோபுரத்தை வாங்கினோம். ஆகவே வாங்குமுன் கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

முதலாவது, பெட்டி எவ்வளவு உயரமுள்ள கூலருக்கு இடம் தரும் என்பது. பெட்டியின் விவரத் தாளில் இது இருக்கும். இல்லாவிட்டால் புரோசசரின் மேற்பரப்பிலிருந்து கதவு வரை அளந்து, அதில் ஐந்து மில்லிமீட்டர் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சாக்கெட்டின் பெயர். புரோசசர் உட்காரும் இடம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்காது. ஏ.எம்.4, ஏ.எம்.5, எல்.ஜி.ஏ.1700 என்று பல வகை உண்டு. உங்களுடையது எதுவோ அது கூலர் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, உண்மையான வாட் அளவு. இன்டெல் கோர் ஐ5-12400 புரோசசருக்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் 117 வாட் வரை போகலாம் என்று அதே நிறுவனம் குறித்திருக்கிறது. எனவே சிறிய எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

நான்காவது, விசிறியின் கம்பி முனை. நான்கு துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சூட்டுக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்க அதுவே வசதி.

பூட்டும்போது கவனம்

கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். அதை உரிக்காமலே பூட்டிவிட்டு ‘கூலர் சரியில்லை’ என்று புலம்புகிறவர்கள் உண்டு. புரோசசரின் நடுவில் வெப்பக் களிம்பு வைக்க வேண்டும். ஒரு பட்டாணி அளவு போதும். இட்லிக்குச் சட்டினி ஊற்றுவதுபோல் ஊற்றக் கூடாது. திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

பூட்டியாயிற்று என்று விட்டுவிடக் கூடாது. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் விசிறியின் வேகத்தை அமைக்க இடம் இருக்கிறது. நாங்கள் 60 டிகிரி வரை மெதுவாகவும், அதற்கு மேல் படிப்படியாகவும், 85-க்கு மேல் முழு வேகத்திலும் சுற்றும்படி வைத்தோம். சூடு கூடியவுடன் வேகம் எகிறாமல் சில விநாடி பொறுத்துக் கூடும்படியும் வைக்கலாம். ஒரே சீரான சத்தம் தூக்கத்தைக் கெடுக்காது. ஏறி ஏறி இறங்கும் சத்தம்தான் கெடுக்கும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். வெளிநாட்டார் இந்தக் கூலர்களைச் சோதிப்பது பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில். நம் வீட்டில் இரவிலும் 29, 30 டிகிரி இருக்கும். அறையில் எத்தனை டிகிரி கூடுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி புரோசசரிலும் கூடும். அவர்கள் 65 என்று எழுதினால் நமக்கு 72 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

செலவில்லாத வழிகள்

புதிதாக வாங்குமுன் எந்த விசிறி சத்தம் போடுகிறது என்று கண்டுபிடியுங்கள். பழைய பத்திரிகையைக் குழாய்போல் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் பெட்டியின் பக்கம் நகர்த்திப் பாருங்கள். குற்றவாளி அகப்பட்டுவிடும். சில வேளை அது கூலராக இல்லாமல் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையாக இருக்கலாம். அதை மட்டும் நீங்களாகத் திறக்கவே கூடாது. சுவிட்சை அடைத்த பிறகும் அதன் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கணினியை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தகடுகளில் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் துடையுங்கள். காற்றடிப்பதானால் விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். பலகைத் தரையில் வைத்தால் அதிர்வு வீடு முழுதும் பரவும். அடியில் பழைய ரப்பர் துண்டு நான்கு வைத்தால் அது அடங்கிவிடும். ரப்பருக்கு நம்மிடமா பஞ்சம்?

புதுக் கூலர் பூட்டிய அன்றிரவு அத்தானை உள்ளே படுக்கச் சொன்னோம். பிள்ளை ஒரு மணி வரை உட்கார்ந்து ஒரு வரைபடத்தை முடித்தாள். சூடு 72 டிகிரியைத் தாண்டவில்லை. விசிறி 1,300 சுற்றில் நின்றது.

காலையில் கோப்பியைக் கையில் எடுத்த அத்தான் அக்காவிடம் கேட்டார்: “ஏன், பிள்ளை நேத்து ராத்திரி படிக்கலையா? சத்தமே காணோமே.”

அக்கா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை படிக்க வேண்டும், உழைத்து வந்தவர் உறங்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அளந்து பார்த்து, விசாரித்து வாங்கினால் நூறு வெள்ளிக்குள் இரண்டையும் காப்பாற்றலாம் என்பதை எங்கள் வீட்டில் நாங்கள் கண்டுகொண்டோம்.