சுவரோரம் ஒழுகுதா?

"தகடு புதுசுதான், ஆனா மழை வந்தா அடுப்படி நனையுது." லயங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. குசினிக்கு வெளிச்சம் வரட்டும் என்று பொலிகாபனேட் தகடு போடுகிறோம். அது சுவரைத் தொடும் இடத்தில்தான் தண்ணீர் இறங்குகிறது.

அந்த இடைவெளியை ஈயப் பட்டியால் மூடுவது கட்டட வேலையில் பழைய வழக்கம். பீலித் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கும் வீட்டுக்கு அது ஆகாது. ஈயம் விஷம்; பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மெல்லிய அலுமினியப் பட்டியே போதும். ஆனால் ஈயம் தன் பாரத்திலேயே படிந்து கிடக்கும். அலுமினியத்தைக் காத்து தூக்கிவிடும். ஆகவே மேலும் கீழும் பிடிமானம் வேண்டும்.

1. தகட்டுக்கு மேலே சுவரில் 1 அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டுங்கள். பட்டியின் மேல் விளிம்பை அதில் செருகி, ஒன்றரை அடிக்கு ஓர் ஆப்பு இறுக்கி, சிலிக்கோனால் அடையுங்கள்.

2. கீழ் விளிம்பு தகட்டின் மேல் 6 அங்குலமாவது படியட்டும். நெளிவுக்குள் கையால் அழுத்திவிடுங்கள்.

3. கீழ் விளிம்பை ஆணி அடித்து இறுக்காதீர்கள். 3 மீட்டர் தகடு, 30 பாகை சூடு ஏறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும், இறுக்கினால் வெடிக்கும். விளிம்புக்கு அடியில் சிலிக்கோன் பூசி ஒட்டுங்கள். அது இழுபட்டுக் கொடுக்கும். வினாகிரி வாடை அடிக்கும் சிலிக்கோன் தகட்டைக் கெடுக்கும். 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள்.

தகட்டை மிதிக்காதீங்க, பலகை போட்டு ஏறுங்க. பழைய ஈயப் பட்டியைக் கழற்றினால், சவுக்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிடுங்கள். ஈரத்தில் சிலிக்கோன் ஒட்டாது. மே மாதம் தென்மேற்கு மழை பிடிக்கும் முன்னரே வேலையை முடித்துவிடுவோம்.