பல்லும் சொல்லும்

தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நாவின் நுனி பொருந்தப் பிறக்கின்றன. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கின்றது. எழுத்தின் பிறப்பைக் கூறப்புகுந்த தொல்காப்பியர், பல்லின்றிச் சொல்லில்லை என்பதையும் உடன் உணர்த்திவிட்டார்.

இவ்விலக்கணத்தை என்னிடம் பாடங்கேட்ட மாணவன் ஒருவன், பல்கலைக்கழக விடுமுறையில் என்னைக் காண வந்தான். வாயைக் கையாற் பொத்தியே பேசினான். பணிவென்று மகிழ்ந்தேன். பின்னரே, கறைபடிந்த பற்களையும் புகைநாற்றத்தையும் மறைக்கின்றான் என்று அறிந்தேன்.

"சோதனைக் காலத்தில் விடுதியிலே பழகியது, ஐயா. ஆனால் வாய்க்கு ஒரு குறையுமில்லை, பல் துலக்கும்போது முரசிலே ஒரு துளி இரத்தமும் வருவதில்லை" என்றான்.

அவன் நலமென்று கருதியதே நோயின் மறைப்பாகும். புகையிலையின் நிக்கொட்டீன் முரசின் நுண்குருதிக் குழாய்களை ஒடுக்குகின்றது. அழற்சியுற்ற முரசும் இரத்தங் கசியாது நிற்கின்றது. ஈற்றை முரசு என்பது எம்மவர் வழக்கு. பகை புகுந்ததை அறைந்து அறிவிக்கவேண்டிய அம்முரசு, புகையினால் ஊமையாகின்றது. உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லத் தேய்கின்றது. தேய்ந்தது தானே மீள வளர்வதில்லை. பல் பிடுங்கிய புண்ணும் ஆறத் தாமதிக்கும். வாயினுள் வெண்டிட்டுக்கள் தோன்றலாம். அவற்றுட் சில புற்றாக மாறும். இலங்கை ஆடவரிடையே மிகுந்து காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றும் ஒன்றன்றோ?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதார்க்குப் புகையிலைப் பொருளை விற்றலாகாது என விதித்தது. முதலாண்டு மாணவர் பலர் அவ்வயதை எட்டாதவரே. எனினும், நண்பன் நீட்டும் சிகரெட்டைச் சட்டம் வந்து தடுப்பதில்லை.

புகையிலைத் தோட்டத்து வருவாயிற் கற்றவன் யான். நன்றி மறந்து பேசுகின்றேன் என்பார் உளராயின், அவர்க்கு ஒன்று சொல்வேன். அத்தோட்டத்தைச் செய்த என் தந்தையார் சுருட்டுப் பிடிப்பவர். அறுபது வயதுக்குள் முன்வாய்ப் பற்களை இழந்தார். நாள்தோறும் அவர் ஓதிய தேவாரத்திலே தகரமும் நகரமும் குழைந்தன. பின்னர் அவர் வாய்விட்டு ஓதுவதையே நிறுத்திவிட்டார்.

இதனை மாணவனுக்குக் கூறினேன். "புகையை விட்ட சில கிழமைகளில் இரத்தங் கசியக்கூடும், அஞ்சாதே, பல் வைத்தியரிடம் போ" என்றும் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மாதங் கழித்து அவனிடமிருந்து செய்தி வந்தது: "ஐயா, முரசிலே இரத்தம் வருகின்றது. நாளைக்கு வைத்தியரிடம் போகின்றேன்."

இரத்தம் வருகின்றதென்று கேட்டு யான் மகிழ்ந்தது அன்றுதான். முரசு மீண்டும் ஒலிக்கத் தொடங்கிவிட்டது.