ஆப்பிள் கிரம்பிள் வீட்டில் செய்தால் ஏன் சொதப்புது? விடை 1916-ல் இருக்கிறது!

புதிதாக ஓடிஜி அவன் வாங்கியவர்கள் முதலில் கேக் செய்வார்கள். அடுத்து குக்கீஸ். கொஞ்ச நாளில் பலரும் வந்து நிற்பது ஆப்பிள் கிரம்பிளில்தான். காரணம் சிம்பிள். ஆப்பிள், மைதா, வெண்ணெய், சர்க்கரை என நாலே பொருள். முட்டை வேண்டாம், பீட்டர் வேண்டாம், ஐஸிங் வேண்டாம். வீடியோவில் பார்த்தால் பத்து நிமிஷ வேலை.

ஆனால் செய்து சாப்பிட்டால்? மேலே இருக்கும் மொறுமொறு மாவு நன்றாகத்தான் இருக்கும். கீழே இருக்கும் ஆப்பிள்தான் பிரச்னை. திகட்டும் அளவுக்கு இனிப்பு, மணம் ஒன்றுமில்லை, நாக்கில் திப்பித்திப்பியாக ஒரு மாவுத்தன்மை. அவன் சரியில்லையோ, டெம்பரேச்சர் தப்போ என்று யோசிப்போம். பெரும்பாலும் இரண்டும் இல்லை. அந்த ரெசிபி எழுதப்பட்டது வேறு ஒரு ஆப்பிளுக்கு.

மாங்காய்க்குப் பதில் மாம்பழம்

மாங்காய் பச்சடி செய்ய யாராவது பழுத்த பங்கனப்பள்ளியை வாங்குவோமா? மாட்டோம். புளிப்பு இருந்தால்தான் அதில் போடும் வெல்லத்துக்கே மரியாதை. இங்கிலாந்தில் ஆப்பிளிலும் இதே பிரிவினை உண்டு. கடித்துச் சாப்பிட ஒன்று, சமைக்க இன்னொன்று. சமையல் ஆப்பிள் என்று தனியாகவே விற்பார்கள். பச்சையாகக் கடித்தால் பல் கூசும். அடுப்பில் வைத்தால் பஞ்சு போலக் குழைந்துவிடும்.

அதில் பிரபலமானது 'பிராம்லி'. இதன் கதையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1809-ல் இங்கிலாந்தின் சவுத்வெல் என்ற சின்ன ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஒரு ஆப்பிள் விதையை நட்டாள். அது மரமாகி, வீடும் கைமாறி, 1846-ல் மேத்யூ பிராம்லி என்ற கறிக்கடைக்காரர் அந்த வீட்டை வாங்கினார். 1856-ல் ஹென்றி மெர்ரிவெதர் என்ற 17 வயது இளைஞர், ஒட்டுக்கட்டுவதற்காக இந்த மரத்திலிருந்து குச்சி கேட்டார். 'தர்றேன், ஆனா என் பேர்தான் வைக்கணும்' என்பது பிராம்லியின் நிபந்தனை. விதை போட்ட பெண் பெயர் காணாமல் போய், வீடு வாங்கியவர் பெயர் நிலைத்தது இப்படித்தான்.

குச்சி எதற்கு, விதையை நட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஆப்பிள் விதையிலிருந்து வரும் மரம் தாய்மரத்தைப் போலவே காய்க்காது; ஒவ்வொரு விதையும் ஒரு புது ரகம். அதனால் நல்ல ரகம் ஒன்று கிடைத்தால் ஒட்டுக்கட்டித்தான் பெருக்க முடியும். இன்று உலகில் இருக்கும் அத்தனை பிராம்லி மரங்களும் மேரி ஆன் நட்ட அந்த ஒற்றை மரத்தின் வாரிசுகள்தான்.

சரி, நம்ம ஊர் ஆப்பிள் ஏன் இவ்வளவு இனிப்பு?

புளிப்பு ஆப்பிள் இந்தியாவுக்கு வராமல் இல்லை. 1870-ல் கேப்டன் ஆர்.சி.லீ என்ற ஆங்கிலேயர் குலு பள்ளத்தாக்கின் பந்த்ரோலில் தோட்டம் போட்டு இங்கிலாந்து ரகங்களை வளர்த்தார். ஆனால் அந்தப் புளிப்பும் துவர்ப்பும் இங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. நாம் ஆப்பிளைச் சமைக்கிறவர்கள் இல்லையே, கடித்துச் சாப்பிடுகிறவர்கள்.

திருப்பம் 1916 வாக்கில் வந்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 1904-ல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்து, சிம்லா மலைப்பகுதியின் கோட்கரில் குடியேறியவர் சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ். அவர் அமெரிக்காவிலிருந்து ரெட் டெலிஷியஸ் வகைக் கன்றுகளை வரவழைத்து நட்டார். சிவப்பு நிறம், இனிப்பு, புளிப்பு ரொம்பக் கம்மி. பிய்த்துக்கொண்டு போனது. அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கும் கன்று கொடுத்தார். இமாச்சலின் மலைக்கிராமங்களுடைய பொருளாதாரமே மாறியது. (இதே ஸ்டோக்ஸ்தான் ஒத்துழையாமை இயக்கத்தில் ஜெயிலுக்கும் போனவர், பின்னாளில் சத்யானந்த் ஆனார். அது தனிக்கட்டுரைக்கான விஷயம்.)

நாம் 'சிம்லா ஆப்பிள்' என்று வாங்குவதில் பெரும்பகுதி இந்த டெலிஷியஸ் குடும்பம்தான். கடித்துச் சாப்பிட உருவான பழம். இதை பிராம்லிக்கான ரெசிபியில் போட்டு, அதற்குச் சொன்ன அளவு சர்க்கரையையும் கொட்டினால் திகட்டத்தானே செய்யும்?

இன்னொரு சிக்கல் குளிர்பதனக் கிடங்கு. ஆப்பிளின் புளிப்புக்குக் காரணம் மாலிக் அமிலம். பறித்த பிறகும் பழம் சுவாசித்துக்கொண்டே இருப்பதால், நாளாக ஆக அந்த அமிலம் செலவாகிக் குறைகிறது, சதையும் மாவாகிறது. அதனால் மார்ச், ஏப்ரலில் வாங்கும் ஆப்பிளைவிட ஆகஸ்ட், செப்டம்பரில் இமாச்சலிலிருந்து புதிதாக வருவது பேக்கிங்குக்கு எவ்வளவோ மேல்.

இதெல்லாம் மிச்சத்தில் பிறந்தவை

இந்த இனிப்புகளை இப்போது கஃபேயில் பீங்கான் கிண்ணத்தில் பார்க்கிறோம். உண்மையில் இவை சிக்கன சமையலறையின் குழந்தைகள். அடிபட்ட ஆப்பிள், காய்ந்துபோன பிரட், பிசைந்ததில் மிஞ்சிய மாவு இவற்றை வீணாக்காமல் இருக்கப் பிறந்தவை.

கிரம்பிளையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் இது வீட்டுக்கு வீடு பரவியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் என்பார்கள். 1940 ஜனவரியில் அங்கே வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. ஒரு கட்டத்தில் ஒருவருக்கு வாரத்துக்கு வெண்ணெய் வெறும் 57 கிராம், சர்க்கரை 227 கிராம். மேலும் கீழும் மாவு வைத்து மூடும் பைக்கு இது எப்படிப் போதும்? கீழ் மாவைத் தூக்கிவிட்டு, மேலே மட்டும் பிசிறிய மாவைத் தூவினால் கொழுப்பும் மாவும் மிச்சம். மார்ஜரின் இருந்தாலும் போதும். 1954 வரை அங்கே ரேஷன் நீடித்தது. அதற்குள் ஒரு தலைமுறையே கிரம்பிள் சாப்பிட்டு வளர்ந்துவிட்டது.

அமெரிக்காவின் 'பிரவுன் பெட்டி' இன்னும் சிக்கனம். மாவே வேண்டாம், பழைய பிரட்டின் தூள் போதும். 'காப்ளர்' என்றால் பழத்தின் மேல் பிஸ்கட் மாவை உருண்டை உருண்டையாக வைத்துச் சுடுவது. 'கிரன்ட்' என்று ஒன்று உண்டு; நியூ இங்கிலாந்துப் பக்கம் அவனே இல்லாமல் பாத்திரத்தில் மூடிவைத்து வேகவைப்பது. வேகும்போது முனகுவது போலச் சத்தம் வருவதால் அந்தப் பெயராம். இதற்கே 'ஸ்லம்ப்' என்றும் பெயர். 'லிட்டில் விமன்' நாவல் எழுதிய லூயிசா மே ஆல்காட் தன் வீட்டுக்கே 'ஆப்பிள் ஸ்லம்ப்' என்று கிண்டலாகப் பெயர் வைத்திருந்தார்.

அப்போ எப்படித்தான் செய்றது?

முதலில் ஆப்பிள். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் பச்சை ஆப்பிள், அதாவது கிரானி ஸ்மித், சரியான தேர்வு. 1868-ல் சிட்னி அருகே மரியா ஆன் ஸ்மித் என்ற பெண்மணியின் தோட்டத்தில் தானாக முளைத்த ரகம் அது. (இங்கே பெயர் உரியவருக்கே போய்ச் சேர்ந்தது, நல்லவேளை.) புளிப்பும் உண்டு, வெந்தாலும் துண்டு உடையாது. ஆனால் விலை கூடுதல். அதனால் நாலு ஆப்பிளில் இரண்டு பச்சை, இரண்டு சிம்லா என்று கலப்பதே என் சாய்ஸ். முழுக்க சிவப்பு ஆப்பிள்தான் என்றால் ஒரு எலுமிச்சைச் சாறு கட்டாயம். நறுக்கியது கறுக்காமல் இருக்க மட்டுமல்ல. அந்தப் பழத்தில் இல்லாத அமிலத்தை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம்.

கிரம்பிளுக்கான அடிப்படைக் கணக்கு எடையில் 2:1:1. மைதா 150 கிராம், வெண்ணெய் 75, சர்க்கரை 75. நம்ம ஆப்பிளுக்குச் சர்க்கரையை 50 ஆகக் குறைத்துவிடலாம். நாட்டுச் சர்க்கரை என்றால் இன்னும் மணம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக்கி, விரல் நுனியால் மாவோடு பிசிற வேண்டும். புட்டு மாவு பிசிறுவோமே, அதே பதம். சப்பாத்தி மாதிரி பிசைந்தால் கதை முடிந்தது, கல்லாகிவிடும். வெண்ணெய் உருக ஆரம்பித்தால் கிண்ணத்தோடு பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சென்னை வெயிலில் இது ரொம்பவே தேவைப்படும்.

நாலு ஆப்பிளைத் தோல் சீவி, கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக்கி, எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, கால் டீஸ்பூன் பட்டைத் தூள், ஒரு டீஸ்பூன் சோள மாவு சேர்த்துக் கிளறி பேக்கிங் பாத்திரத்தில் போடுங்கள். பழத்துக்குத் தனியாகச் சர்க்கரை வேண்டாம். முழுக்கப் பச்சை ஆப்பிள் என்றால் மட்டும் இரண்டு டேபிள்ஸ்பூன். மேலே மாவைத் தூவுங்கள், அமுக்காதீர்கள். முன்கூட்டியே சூடாக்கிய அவனில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். ஓரத்தில் சாறு கொப்பளித்து, மேலே பொன்னிறம் வந்தால் ரெடி.

அவனே இல்லையா? கிரன்ட் இருக்கே. அடிகனமான கடாயில் நாலு ஆப்பிள் துண்டு, எலுமிச்சைச் சாறு, இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, அரை கப் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிடுங்கள். ஒரு கப் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, இரண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் சேர்த்துப் பிசிறி, அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாகப் பால் விட்டு, இட்லி மாவைவிடக் கெட்டியாகக் கலக்குங்கள். கொதிக்கும் பழத்தின் மேல் கரண்டி கரண்டியாக வைத்து மூடி, சிறுதீயில் 15 நிமிடம். நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது, ஆவி போய்விடும். மேல்பக்கம் மொறுமொறுப்பு வராது. ஆப்பிள் சாற்றில் வெந்த மெத்தென்ற உருண்டை, அவ்ளோதான். அதுவே தனி ருசி.

ஊற்றிச் சாப்பிட என்ன?

ஐஸ்கிரீம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரிட்டனில் கிரம்பிளுக்கு ஜோடி, சூடான கஸ்டர்ட். நம் வீடுகளில் ஃப்ரூட் சாலட்டுக்குக் கலக்குகிறோமே, அதே கஸ்டர்ட் பவுடர்தான். பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் 1837-ல் சோள மாவில் செய்து பார்த்தது. ஃப்ரூட் சாலட்டுக்கு ஆறவைப்போம், இதற்குச் சூடாக ஊற்ற வேண்டும். சர்க்கரை மட்டும் வழக்கத்தில் பாதி போதும்.

மிஞ்சினால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாள் சாப்பிடலாம். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், மேல்மாவு சொதசொதவென்று ஆகிவிடும். அவனில் பத்து நிமிடம் வைத்தால் திரும்ப மொறுமொறு.