கோபுரம் எட்டும் தூரம்

ருவைஸிலிருந்து அபுதாபி நேர்கோட்டில் சுமார் 170 கிலோமீட்டர். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோஹாவும் ஏறத்தாழ அதே தூரம்தான். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்காகப் பாலைவனக் கரையில் எழும்பிய இந்த ஊருக்கு, அபுதாபியில் ஒரே ஒரு கோபுரம் நட்டுத் தொலைக்காட்சி காட்டிவிட முடியுமா?

கணக்கு எளிது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கூரைமேல் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் 13 கிலோமீட்டர் கூடும். இதன்படி 170 கிலோமீட்டரை எட்ட சுமார் 1,450 மீட்டர் உயரக் கோபுரம் வேண்டும். 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவைப்போல ஒன்றேமுக்கால் மடங்கு!

தொலைக்காட்சி அலை ஒளியைப்போல ஏறத்தாழ நேராகவே போகும். பூமியோ வளைந்துகொண்டே போகிறது. 100 மீட்டர் கோபுரம் ஒன்று, கூரை ஆன்டெனாவையும் சேர்த்து, 54 கிலோமீட்டருக்குள் தன் ஆட்சியை முடித்துக்கொள்கிறது. அந்த வட்டத்துக்குள் எத்தனை வீடுகளோ, அவ்வளவுதான் அந்த நிலையத்தின் சந்தை. பெருநகரத்தில் அது லட்சக்கணக்கான வீடுகள். அமெரிக்காவின் 210 தொலைக்காட்சிச் சந்தைகளில் கடைசி இடத்தில் இருக்கும் மொன்டானா மாநிலத்து கிளென்டைவில் சில ஆயிரம் வீடுகள்தான். கோபுரம், ஒளிபரப்புக் கருவி, கேமரா, செய்தியாளர் சம்பளம் எல்லாம் சின்ன ஊரென்று பார்த்துக் குறைந்துவிடாது. விளம்பர வருமானம் மட்டும் வீடுகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து குறையும்.

சின்ன ஊர் நிலையங்களை ஒரே நிறுவனம் வரிசையாக வாங்கிச் சேர்ப்பது இதனால்தான். 1996 இல் பெர்ரி சூக் தொடங்கிய நெக்ஸ்டார் நிறுவனம், பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் பகுதியில் ஒரு நிலையத்தை வாங்கி ஆரம்பித்தது. நடுத்தர, சிறிய ஊர்களாகவே சேர்த்துக்கொண்டு போய், 2019 இல் ட்ரிப்யூன் மீடியாவை வாங்கியபோது அமெரிக்காவிலேயே அதிக உள்ளூர் நிலையங்கள் வைத்திருக்கும் நிறுவனமாகிவிட்டது. ஓர் அறையில் உட்கார்ந்து பல ஊர்களின் ஒளிபரப்பை ஓட்டலாம். ஒரே பேரத்தில் எல்லா ஊர்களுக்கும் நிகழ்ச்சி வாங்கலாம்.

இதைக் கட்டுப்படுத்த அமெரிக்கா போட்ட சட்டத்துக்குள்ளும் இயற்பியல் புகுந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து நாட்டின் இத்தனை சதவீத வீடுகளுக்குமேல் எட்டக்கூடாது என்பது விதி. 1985 இல் அது 25 சதவீதம், இப்போது 39. இதில் யூ.எச்.எஃப். என்ற மீஉயர் அதிர்வெண் வரிசை நிலையங்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: அவை எட்டும் வீடுகளில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அந்தக் காலத்து அனலாக் ஒளிபரப்பில் யூ.எச்.எஃப். அலை மேடுபள்ளத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடும், படம் மங்கும் என்பது நியாயம். 2009 ஜூன் 12 அன்று நாடு டிஜிட்டலுக்கு மாறியது. அதன்பின் யூ.எச்.எஃப். வரிசைதான் நல்ல வரிசை என்று ஆகிவிட்டது. சலுகையின் காரணம் போய்விட்டது. ஆனாலும் 2016 இல் நீக்கிய சலுகையை 2017 இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். காரணம் செத்த பிறகும் உயிரோடு இருக்கும் இந்த விதி, பெரிய நிறுவனங்கள் இன்னும் பெரிதாக வழிவிடுகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

வளைகுடாவில் தொலைக்காட்சியைத் தொடங்கிவைத்தவர்களில் ஓர் எண்ணெய் நிறுவனமும் உண்டு. அராம்கோ 1957 இல் தஹ்ரானில் தன் ஊழியர்களுக்காக ஒரு நிலையம் நடத்தியது. 1969 இல் அபுதாபி தனக்கென ஒரு நிலையம் தொடங்கியது. அதே ஆண்டு குவைத் அரசு துபாயில் ஒரு நிலையம் வைத்தது. ஆனால் இந்தக் கடல், கோபுரங்கள் போட்ட வட்டத்தை மதிப்பதில்லை.

கோடையில் ருவைஸில் மாலை வேளையில் ஏசி அறையைவிட்டு வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி ஒரு நொடியில் பூத்துவிடும். கடலை ஒட்டிக் கிடக்கும் ஈரக்காற்றின் வேலை அது. அதற்கு மேலே பாலைவனத்திலிருந்து வரும் சூடான, உலர்ந்த காற்று விரிந்திருக்கும். ஈரக்காற்றில் அலை சற்று மெதுவாகவும் உலர்காற்றில் சற்று வேகமாகவும் போகும். அலையின் மேல்பகுதி முந்த, கீழ்ப்பகுதி பின்தங்க, அலை மொத்தமும் கீழ்நோக்கி வளைகிறது. சாதாரண நாளில் இந்த வளைவு கொஞ்சம்தான், அந்த 4.12 இல் அதையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஈர அடுக்குக்குமேல் உலர் அடுக்கு சட்டென்று தொடங்கும் நாளில் அலை பூமியைவிட அதிகமாக வளைந்து, கடலில் பட்டு எழும்பி, மறுபடி வளைந்து, வாய்க்கால் தண்ணீர்போல அந்த அடுக்குக்குள்ளேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவிடும். அனலாக் காலத்தில் இப்படிப்பட்ட நாளில் எதிர்க்கரை நிலையம் வந்துவிடும். இரண்டு நிலையங்களும் ஒரே சேனல் எண்ணில் இருந்துவிட்டால் திரையில் பட்டைபட்டையாகக் கோடுகள் ஓடும். ஒன்றின் முகத்துக்குமேல் இன்னொன்றின் எழுத்து நகரும்.

உலகில் இது வலுவாக நடக்கும் இடங்களில் வளைகுடாவும் அரபிக்கடலும் முக்கியமானவை. இரண்டாம் உலகப்போரின்போது பம்பாயில் இருந்த ரேடார், ஆயிரம் மைலுக்கும் அப்பால் உள்ள அரேபியக் கரையைக் காட்டியது. வெயில் காலத்தில்தான் காட்டும். பருவமழை வந்ததும் மறைந்துவிடும்.

நம் தென்மாவட்டக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1982 இல் தொடங்கிய ரூபவாகினித் தொலைக்காட்சியின் ஒளிபரப்பு இலங்கையின் மிக உயர்ந்த மலையான, 2,500 மீட்டருக்குமேல் எழும் பிதுருதலாகல மீதிருந்து வருகிறது. நம் கணக்குப்படி 220 கிலோமீட்டரோடு அது நின்றுவிட வேண்டும். தூத்துக்குடி அங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர். ஆனாலும் எண்பதுகளில் மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டு, பூஸ்டர் வைத்து, ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி அந்தப் படத்தைப் பிடித்தார்கள்.

செயற்கைக்கோள் வந்ததும் வட்டமே கலைந்துபோயிற்று. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோபுரத்துக்கு ருவைஸும் ரியாத்தும் ஒன்றுதான். சந்தை ஊரை விட்டு மொழிக்கு மாறியது. 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் டிவியின் குழுமம், உதயா, ஜெமினி, சூர்யா என்று மொழிக்கொன்றாக வைத்துக்கொண்டது இந்தக் கணக்கில்தான். ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலைக்கு வந்து கேம்பில் தங்கும் நம் ஆட்கள் சென்னைச் செய்தியைப் பார்த்துவிட்டுத் தூங்கலாம்.

ஊருக்கொரு நிலையம் வேண்டும் என்று இயற்பியல் கேட்காத இந்தக் காலத்திலும் ஷார்ஜா ஒலிபரப்பு ஆணையம், ஷார்ஜா டிவியோடு சேர்த்து, உள்நாட்டு ஊரான அல் தைதிலிருந்து ஒன்றும் ஹஜர் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கல்பாவிலிருந்து ஒன்றும் தனித்தனி சேனல் நடத்துகிறது. அதை நான் மதிக்கிறேன். அந்தந்த ஊரில் ஆள் உட்கார்ந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கசப்பான சாட்சி உண்டு. 2002 ஜனவரி 18 அன்று, விடியுமுன், அமெரிக்காவின் மைனாட் ஊரருகே சரக்கு ரயில் தடம்புரண்டு அமோனியா கொட்டியது. ஊரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. எச்சரிக்கையை ஒலிபரப்ப போலீஸ் கூப்பிட்டபோது தொடர்பு கிடைக்கவில்லை. அவசர அறிவிப்புக் கருவியைப் போலீஸ் சரியாக அமைக்காததுதான் காரணம் என்றது நிறுவனம். ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் மூச்சுத்திணறினார்கள்.

உர ஆலைக்காக அமோனியா தயாராகும் ஊர் ருவைஸ். இப்போது எச்சரிக்கை கைபேசிக்கே வந்துவிடுகிறது. அது போகும் விதம் செயற்கைக்கோளுக்கு நேர்மாறானது: ஆபத்து உள்ள இடத்துக் கைபேசிக் கோபுரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றின் சின்ன வட்டத்துக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும், எண் தெரியாமலேயே, ஒரே நேரத்தில் செய்தி போகும். நேற்று வந்து இறங்கிய, பளு தூக்கும் ரிக்கரின் கைபேசிக்கும் போகும். ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்த கேம்ப் வெளியேற வேண்டும், எந்தச் சாலை வழியாக, அந்த ரிக்கருக்குப் புரிய எந்த மொழியில் என்பதை ஊரை அறிந்த ஒரு மனிதர்தான் எழுத வேண்டும்.