கூலி ஒப்பந்தமும் தொழில் நீதிமன்றமும்

தோட்டம் கைமாறுகிறது. புதிய நிர்வாகி பெரட்டில் நின்று, "பழைய முதலாளி செய்த கூலி ஒப்பந்தம் என்னைக் கட்டாது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது சரிதானா? ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறிவிட்டன. ஆகவே ஒவ்வொரு தோட்டக் குடும்பமும் இதற்கு விடை அறிந்திருக்க வேண்டும்.

1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும், 'மாப்பா' எனப்படும் தோட்ட முதலாளிமார் சங்கமும் பேசி முடித்துக் கையெழுத்திடுவது கூட்டு ஒப்பந்தம். கையெழுத்தானதும் காரியம் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி, ஒரு மாதத்திற்குள் அதன் பிரதியைத் தொழில் நீதிமன்றப் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒப்பந்தம் எழுத்தில் உள்ளதா, இரு தரப்பும் கையெழுத்திட்டனவா, குறைந்தது மூன்றாண்டுக் காலம் குறித்துள்ளதா என்று நீதிமன்றம் பார்க்கிறது. குறையிருந்தால் ஏற்க மறுக்கலாம், திருத்தும்படியும் கூறலாம். சட்டம் தரும் உரிமையைக் குறைக்கும் விதி எதுவும் செல்லாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரத்தின் சாதாரண வேலை நேரம் முன்பு 48 மணி வரை இருந்தது. 2023 ஜனவரி முதல் நாள் தொட்டு அது 45 மணி. ஒப்பந்தத்தில் 48 என்று எழுதி, நம் சங்கமே கையெழுத்திட்டிருந்தாலும் 45தான் நிற்கும்.

நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் தீர்ப்புக்குச் சமம். அது அன்றைய முதலாளியை மட்டுமன்றி, அவருக்குப் பின் அத்தொழிலை ஏற்று நடத்துபவரையும் கட்டுப்படுத்தும். நாளை வேலைக்குச் சேரும் உங்கள் மகனுக்கும் மகளுக்கும் அது பொருந்தும். ஆகவே, அந்தப் புதிய நிர்வாகி சொன்னது தவறு. ஒப்பந்தம் மீறப்பட்டால் சங்கமோ தொழிலாளியோ தொழில் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் செய்யலாம். ஈப்போவிலும் அதன் கிளை உண்டு. நிலம் விற்கப்பட்டு வேலையே நின்றுபோனால், அதற்கு 1980ஆம் ஆண்டுப் பணிநீக்க நன்மை விதிகள் தனியே உள்ளன.

புகாருக்குச் சான்று வேண்டும். சம்பளச் சீட்டுகளை மாதவாரியாகச் சேர்த்து வையுங்கள். சங்கக் கிளையில் ஒப்பந்தப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு நீதிமன்றம் தந்த ஏற்பு எண் என்ன என்றும் விசாரியுங்கள். தமிழில் இல்லையென்றால், படிக்கும் பிள்ளையை விட்டு வரி வரியாக வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். நீதிமன்றம் ஏற்ற எழுத்து, தோட்டம் கைமாறினாலும் நிலைத்து நிற்கும்.